தண்ணி மெலிஞ்சா கத்தணும்

என் ஜெகன் மச்சானுக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஏச்சு, இல்லாவிட்டால் வெறும் கேள்விக்குறி. இப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்து எழுதுகிறேன். தை பிறந்துவிட்டது. உன் வருஷத் திவசத்துக்குப் பூனாகலைக்கு வரும்படி உன் அம்மா சொல்லியிருக்கிறார். சும்மா வந்து உன் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. அதனால் செய்தி கொண்டு வருகிறேன்.

இதை 'தூறல்' இருக்கிற இணையப் பக்கத்திலேயே போடப்போகிறேன். அதை எடுத்துப் பாவிக்கிறவர்களும் படிக்கட்டும். உனக்கும் எனக்கும் நடந்த சண்டை அவர்களைப் பற்றியதுதானே?

தெரியாதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். 'தூறல்' நீ எழுதிய சின்ன நிரல். ஒரு கம்பத்தின் உச்சியில் புனல். புனலுக்குக் கீழே ஊஞ்சல் மாதிரி ஒரு கிண்ணம். மழைத் தண்ணீர் நிறைந்ததும் கிண்ணம் சாய்ந்து கொட்டிவிட்டு மறுபடி நிமிரும். எத்தனை தடவை சாய்கிறது என்று ஒரு பழைய போன் எண்ணிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் சைரன் அலறும். லயத்து ஆட்கள், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், உடனே வெளியேறிப் பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

உங்கள் லயங்களுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மழை கூடினால் மண் சரியும் என்று வந்து பார்த்த அதிகாரிகள் சொன்னார்கள். இங்கே இருக்காதீர்கள் என்றார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை. நீ பண்டாரவளையில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தபடியே, இனிமேல் உயிர் வராது என்று ஆட்கள் விட்டுப்போன போன்களை வைத்து இதைச் செய்தாய். செய்ததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று போட்டுவிட்டாய். கட்டற்ற மென்பொருள் என்று அதற்குப் பெயர். உன் நிரலே அப்படி யாரோ கொடுத்த வேறொரு நிரலின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. எண்ணுகிற வேலை, சேமிக்கிற வேலை எல்லாம் எங்கோ குளிர்நாட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய கூட்டாளிகளும் எழுதியது. அவர்களுக்கு நீ ஓயாமல் திருத்தம் எழுதி அனுப்புவாய். அங்கேதான் நமக்குச் சண்டை.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை ஞாபகம் இருக்கிறதா? நான் என் ஆபீஸ் முடிந்து வருவேன், நீ கடைக்குச் சாமான் வாங்க வந்திருப்பாய். உளுந்து வடையைப் பிளேன்டீயில் முக்கித் தின்பாய். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

"ஒனக்கு யாருடா சம்பளம் தர்றா?"

"யாரும் இல்ல."

"அப்ப ஏன்டா யாரோ எழுதினதுக்கு நீ மாரடிக்கிற?"

"நான் பாவிக்கிறேனே மச்சான்."

"பாவிச்சா? பாவிக்கிறவன் திருப்பித் தரணும்னு லைசன்ஸ்ல எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப பொத்திக்கிட்டுப் பாவி."

நீ சிரிப்பாய். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்காது. வாதத்தில் தோற்றவன் சிரிக்கக் கூடாது.

நான் விளையாட்டுக்குப் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு, பிறகு கையை நீட்டினால் அது கொடையில்லை, வியாபாரம். வியாபாரம் என்றால் முதலிலேயே விலை சொல்ல வேண்டும். மலையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு முதுகு ஒடிந்து வருகிறவர்களைப் பார்த்து, சைரன் பாவிக்கிறீர்களே, சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்க எவனுக்கு வாய் வரும்? இன்றைக்கும் இதையேதான் சொல்வேன். நீ எழுந்து வந்து சிரித்தாலும் சொல்வேன்.

ஒரு நாள் நீ வாதத்தை விட்டுவிட்டு, "எங்க லயத்துக்கு வா, காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாய். பீலியில் அம்மா வாளி வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் லயத்துக்கெல்லாம் அந்த ஒரு பீலிதான். மேலே ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர். ஊற்று வாயில் சருகு அடைத்தால் தண்ணீர் நூலாகிவிடும். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, மலைப்பக்கம் திரும்பி அடித்தொண்டையில் கத்தினார்:

"ஏய்! தண்ணி மெலிஞ்சிருச்சு டோய்! யாராச்சும் மேல போங்க!"

அடுத்த லயத்து வாசலிலிருந்து இன்னொரு பொம்பளை அதையே வாங்கிக் கத்தினார். நீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறப் புறப்பட்டாய்.

"அம்மா போகமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"முழங்கால் முடியாது. ஆனா மொதல்ல கத்துறது அவங்கதான்."

"கத்துறது ஒரு வேலையாடா?"

"ஒனக்குப் புரியல மச்சான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாய். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தடித்தது. எனக்குப் புரியத்தான் இல்லை. நமக்கு நடந்த பேச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாக இருந்தது. நீ இறங்கி வந்ததும் கேட்டிருக்கலாம். பஸ் போய்விடும் என்று நான் ஓடிவிட்டேன்.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். மற்றதை நீயே அறிவாய்.

நீ போன பிறகு முதலில் விசாரித்தது யார் தெரியுமா? அந்தக் குளிர்நாட்டுப் பெண். 'ஜெகனிடமிருந்து சத்தமே இல்லையே, நலமாக இருக்கிறாரா?' என்று கேட்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். உன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னாள், அவர்களுடைய கூட்டத்தில் சொல்லவாம். 'தூறல்' பாவிக்கிற தோட்டங்கள் மடுல்சீமைப் பக்கம் இருக்கின்றன, தெமோதரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. யாரும் எதுவும் தர வேண்டியதில்லை என்று மேசையில் தட்டிச் சொன்னவனுக்கு எதற்கு ஆத்திரம்? அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடியில் கச்சான் ஆரம்பித்தது, மலையையே உலர்த்துகிற அந்த வறண்ட காற்று. நீ சைரன் மாட்டியது மழைக்காலம் தொடங்குகிற நேரம். அடுத்த கச்சான் வருவதற்குள் போய்விட்டாய். அதனால் உன் நிரல் ஒரு கச்சானைக்கூடப் பார்த்ததில்லை. வானத்தில் ஒரு மேகமில்லை, வெயில் கொளுத்துகிறது, சைரன் அலறுகிறது. முதல் தடவை எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். அடுத்த தடவை பாதிப்பேர் ஓடினார்கள். அப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஏச ஆரம்பித்தார்கள்.

யாரை ஏசுவார்கள்? பெட்டியை மாட்டியவனைத்தான்.

"செத்தும் நிம்மதியா இருக்க விடமாட்டேங்குறான்யா!"

பீலியில், அம்மா காதில் விழும்படியே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவரில்லை. உன் குழிக்கு மண்வெட்டியோடு முதலில் வந்தவர் அவர்தான். ஆனாலும் சொன்னார். அம்மா வாளியை அங்கேயே வைத்துவிட்டார். நேராகப் புள்ளக்காம்பராவுக்குப் போனார். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்த அறையில்தானே சைரனுக்கு மின்சாரம் எடுத்திருந்தாய்? வயரைப் பிடுங்கிச் சேலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்குச் செய்தி வந்ததும் போனேன். "அம்மா, ஐப்பசி மழை வருது. மேல வெடிப்பு இருக்கு. இது இல்லாம இருக்கக் கூடாது" என்றேன்.

"மழ வந்தா வரட்டும். எம்புள்ளைய இன்னொரு வாட்டி ஏச விடமாட்டேன்."

"நான் திருத்தித் தாறேன்."

"திருத்திட்டு வா. அப்பறம் பேசு."

திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். நிரலை வரிவரியாகப் பார்த்தேன். கிண்ணத்தையும் போனையும் இணைக்கிற மின்சுற்றுப் பலகையை மாற்றினேன். போனை மாற்றினேன். உன் எழுத்தில் பிழையே இல்லை, மச்சான், அதுதான் கொடுமை. கிண்ணம் சாய்ந்தால் எண்ணுகிறது. அது சாய்ந்தது என்றால் சாய்ந்ததுதான். மழையில்லாமல் ஏன் சாய்கிறது? பொடியன்கள் கம்பத்தை ஆட்டுகிறார்கள் என்று நினைத்து அவர்களோடு வேறு சண்டை பிடித்தேன்.

கடைசியில் வழி காட்டியது அம்மாவின் வாய்தான். "மடுல்சீமையில நம்ம சின்னம்மா மக சொல்றா, அங்க சும்மா அடிக்கிறதே இல்லையாம். ஆரம்பத்துல அடிச்சுச்சாம், டீச்சரு என்னமோ பண்ணிட்டாளாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. திருத்தம் இருக்கிறது. யாரோ செய்து, தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். இங்கே உன் அம்மா ஏச்சு வாங்குகிறார். லைசன்ஸில் கட்டாயம் இல்லை என்று வாய் கிழியப் பேசினவன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்கத்தான் மடுல்சீமைக்குப் பஸ் ஏறினேன். அந்த ரோட்டில் போய் இறங்கும்போது மிச்சமிருந்த பொறுமையும் குலுங்கிக் கொட்டிவிட்டது.

சுமதி டீச்சர் அங்கே பாடசாலையில் கணினிப் பாடம் எடுப்பவர். நம் வயதுதான். பாடசாலை வாசலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க, இன்சூரன்ஸா?"

"இல்ல. தூறல் விஷயமா வந்தேன்."

"அட, அந்தப் பக்கத்துல உசுரோட ஆள் இருக்கா!"

"எழுதினவன் இல்ல. போயிட்டான். நான் அவனோட கூட்டாளி."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "தெரியாதுங்க. பேரு மட்டுந்தான் தெரியும். அந்தப் பக்கத்துல ஒரு அசைவும் இல்லையேன்னு நானே ஏசிக்கிட்டிருந்தேன்" என்றார். உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். நான் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"சும்மா அடிச்சதை நீங்க நிப்பாட்டிட்டீங்களாம். எப்படி?"

"காத்துங்க. கொடியில போட்ட துணி பறக்குறப்பல்லாம் அடிச்சுச்சு. கம்பம் ஆடுது, கிண்ணம் சாயுது. காத்துல சாயுறது படபடன்னு ஒட்டி ஒட்டி வரும். அதனால, ஒருக்கா சாஞ்சா கொஞ்ச நேரத்துக்கு அடுத்தத எண்ணாதேன்னு மாத்தினேன்."

கச்சான் காற்று! தெமோதரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஜன்னலைப் பார்க்கவில்லை.

"அதை ஏன் திருப்பி அனுப்பல?" என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"அனுப்பப் பாத்தேங்க. வரிசையா இங்கிலீசுல கேள்வி. என்ன மாத்தின, ஏன் மாத்தின, எப்பிடிச் சோதிச்ச. எழுதி எழுதி அழிச்சேன். நான் எழுதுற இங்கிலீசப் பாத்தா சிரிக்கமாட்டீங்களா?"

"சிரிப்போம்தான்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"பாத்தீங்களா!" என்று டீச்சர் மேசையில் தட்டினார். "அனுப்பலைன்னு சண்டைக்கு வந்துட்டு, அனுப்புனா சிரிப்பாங்களாம்."

சரி, மாற்றியதைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். யோசனை அருமை. ஆனால் அவர் வைத்திருந்த இடைவெளியை இன்னொரு தடவை பார்த்தேன். காற்றுக்கு ஒருபோதும் அடிக்கக் கூடாது என்று தாராளமாக வைத்துவிட்டார். சாதாரண மழைக்கு அது போதும். வானம் பிளந்துகொண்டு கொட்டும்போது கிண்ணமும் படபடவென்றுதான் சாயும். அப்போது உண்மையான சாய்வையும் நிரல் காற்று என்று நினைத்துத் தள்ளிவிடும்.

"பூவாளி இருக்கா?" என்று கேட்டேன்.

லயத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு, சோதனைதான், ஓடாதீர்கள் என்று கத்திவிட்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் ஏணியை வைத்தோம். டீச்சர் ஏறிப் புனலில் மெதுவாக ஊற்றினார். சைரன் அடித்தது. பெருமையாக என்னைப் பார்த்தார். "இப்ப மூடியக் கழட்டிட்டுக் கவுத்து ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். சத்தமில்லை. இன்னொரு வாளி கொண்டுவரச் சொல்லி அதையும் ஊற்றினார். கிண்ணம் தடதடவென்று ஆடியது. சைரன் ஊமையாக இருந்தது.

டீச்சர் இறங்கி, வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். லயத்துக்கு மேலே மலையைப் பார்த்தார்.

"இந்த மாதிரி பேஞ்சா..."

"அடிக்காது."

 பிறகு என் பக்கம் திரும்பினார். "அவரு இல்லைன்னு ஒரு வரி அந்தப் பக்கத்துல போடத் தெரியலையா ஒங்களுக்கு? இவ்ளோ நாளா நீங்க ஏங்க வரல?"

"நீங்க ஏன் அனுப்பல?" என்றேன்.

ரெண்டு கேள்வியும் அங்கேயே கிடந்தன. 

மச்சான், பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைத்தான் யோசித்தேன். திருப்பிக் கொடு என்று சொன்னால் கடன் மாதிரிக் கேட்கிறது. நமக்கு நடந்த சண்டை முழுக்க அந்த வார்த்தையால் வந்தது என்று தோன்றுகிறது. டீச்சர் அனுப்பியிருந்தால் உன் நிரலுக்கு நல்லது நடந்திருக்கும், சரி. அதைவிட அவருக்குத்தான் நல்லது நடந்திருக்கும். வேறொரு கண் பட்டிருக்கும். தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட திருத்தத்தைத் தன்னைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அவருடைய லயத்தில் எத்தனை பிள்ளைகள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செத்துப்போனவன் என்பதற்காக உன்னை விட்டுவிடமாட்டேன். சைரனோடு வருகிற குரலைத் தமிழில் பேச வைத்தாய். ஆட்கள் படிப்பதற்கான விளக்கத்தைத் தமிழில் எழுதினாய். திருத்தம் அனுப்புகிற இடத்தை மட்டும் எங்கிருந்தோ பிரதி பண்ணி அப்படியே ஆங்கிலத்தில் விட்டுவிட்டாய். எடுக்கிறதற்குத் தமிழ், கொடுக்கிறதற்கு இங்கிலீசா? உனக்கும் எனக்கும் மட்டும் எட்டுகிற உயரத்தில் நீ ஜன்னலை வைத்துவிட்டுப் போக, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று நான் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அனுப்ப முடியாதவர்கள் கதை இது. முடிந்தவர்கள்? எங்கள் ஆபீஸ் முழுக்க இப்படி யார் யாரோ கொடுத்த நிரல்களில்தான் ஓடுகிறது. நாங்கள் எல்லோரும் படித்தவர்கள், இங்கிலீசும் வரும். பிழை கண்டால் திருத்திக்கொள்கிறோம், வெளியே சொல்வதில்லை. மெனேஜரிடம் கேட்டேன், அனுப்பலாமா என்று. "நமக்கு என்ன பிரயோசனம்?" என்றார். அவர் வாயில் அது கேட்க அசிங்கமாக இருந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் நான் பேசினது உனக்கும் இப்படித்தான் கேட்டதா? நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

டீச்சரும் நானும் வாளியும் போனுமாகப் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்தோம். காற்றின் படபடப்புக்கும் கொட்டும் மழையின் படபடப்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதைப் பிடித்தோம். காற்றுக்கு அடிக்காது, வாளியைக் கவிழ்த்தாலும் விடாமல் அடிக்கும். திருத்தத்தை டீச்சர் பெயரில் பக்கத்தில் போட்டேன். 'இங்கிலீசு சரியான்னு பாருங்க' என்று அனுப்பினார். தமிழிலேயே எழுதுங்கள் என்றேன். எழுதினார். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பூனாகலைக்குக் கொண்டுபோனேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லயத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கச்சான் ஓய்ந்துவிட்டதால் காற்றுக்கு நான் எங்கே போவேன்? கம்பத்தைப் பிடித்து ஆட்டினேன்.

"நல்லா ஆட்டுப்பா, சாப்டலையா?" என்றது ஒரு குரல். பீலியில் அம்மா காதுபடப் பேசினவர்தான். அவரையே கூப்பிட்டு ஆட்டச் சொன்னேன். ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். கிண்ணம் துள்ளியது. சைரன் அசையவில்லை. அப்புறம் ஏணியில் ஏறி வாளித் தண்ணீரைப் புனலில் கவிழ்த்தேன். அலறியது பார், அவர் கம்பத்தை விட்டுவிட்டுக் குதித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய், சேலைக்குள் மடித்து வைத்திருந்த வயரை எடுத்துவந்து, என்னிடம் தராமல் தானே கொண்டுபோய்ச் செருகினார்.

கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரு நம்பர் கொடுத்தேன். "தப்பா அடிச்சாலும் சொல்லுங்க, அடிக்காட்டியும் சொல்லுங்க. எழுத வேணாம். வாயால சொல்லி அனுப்புங்க, போதும்" என்றேன். தலையாட்டினார்கள். அந்த நம்பரை 'தூறல்' பக்கத்தின் மேலேயும் போட்டேன். எவரும் அனுப்பவில்லை. மடுல்சீமையிலிருந்தும் இல்லை, தெமோதரையிலிருந்தும் இல்லை. பழைய ஆத்திரம் மறுபடி எட்டிப் பார்த்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது மழை. பதுளையில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ரோடு தெரியவில்லை. திருத்தும்போது என் போனுக்கும் தகவல் வரும்படி செய்திருந்தேன், அதில் உன் நிரலின் செய்தி வந்தது: பூனாகலை, அளவு மீறியது, சைரன் அடிக்கிறது. வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். அம்மாவுக்குப் போன் அடித்தேன். லைன் போகவில்லை. மறுபடி அடித்தேன். மெனேஜர் ஏதோ கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் இந்தக் கேள்வி எதுவும் இல்லை, மச்சான். லைசன்ஸ் இல்லை, கடமை இல்லை. அந்தக் கிண்ணம் சரியாகச் சாய வேண்டும், அவ்வளவுதான்.

மலை சரியவில்லை. உங்கள் லயத்துக்கு மேலே ரோட்டோரமாகக் கொஞ்சம் மண் இறங்கியது. எல்லோரும் பாடசாலையில் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மழை விட்டதும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. முதல் பதிவு. அதைத் திறந்து கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி, என்னாத்தப் பண்ணி வெச்சிருக்க? கடைசி லயத்துக்குச் சத்தமே கேக்கலையாம். மழச்சத்தம் அமுக்கிருச்சு. நான் வாசல்ல நின்னு கத்துனேன், அதுலதான் அவங்க வந்தாங்க. தொண்ட போச்சு. சைரன் சத்தம் வர்ற அந்தக் கொழாயை அவங்க பக்கம் திருப்பி வெக்கணும், இல்ல இன்னொன்னு போடணும். அவன் இருந்தா அவன ஏசியிருப்பேன். இப்ப ஒன்னய ஏசுறேன். கேட்டுக்க. சாப்டியா?"

உன் அம்மா, ஜெகன்.

தண்ணி மெலிஞ்சிருச்சு என்று மலையைப் பார்த்துக் கத்தினவரின் அதே தொண்டை. அன்றைக்கு நீ ஏறிப் போய்விட்டாய், நான் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். நீ காட்ட நினைத்தது இதுதானா? இதுதான் என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, கழுதை! சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

அம்மாவின் ஏச்சை எழுத்தாக்கி, திருத்த வேண்டியவற்றுள் முதலாவதாக உன் பக்கத்தில் போட்டேன். தமிழிலேயே போட்டேன். அதற்குக் கீழே சுமதி டீச்சர், 'எங்களுக்கும் இதே பிரச்சினை, கடைசி லயத்துக்குக் கேட்கவில்லை' என்று எழுதினார். அதற்கும் கீழே, தெமோதரையிலிருந்து நான் அறியாத ஒருவர், சைரனுக்கு இன்னொரு குழாயை எப்படி இணைப்பது என்று படம் எடுத்துப் போட்டிருக்கிறார். கைநடுங்கிய படம். ஆனால் புரிகிறது.

பாவிக்கிறவர்கள் திருப்பித் தரவேண்டுமா என்ற கேள்விக்கு நான் இன்னும் 'வேண்டும்' என்று சொல்லவில்லை. நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். சும்மா அலறுகிறது என்றால் ஏசுங்கள். பெயர் வேண்டாம், இங்கிலீசு வேண்டாம், நன்றியும் வேண்டாம். நம்பர் பக்கத்தின் மேலே இருக்கிறது.

திவசத்துக்கு வரும்போது இரண்டாவது குழாயோடு வருகிறேன். கடைசி லயத்து வாசலில் அதை மாட்டிவிட்டுத்தான் உன் படையலில் உட்காருவேன். அதற்குப் பிறகும், யார் எந்த நேரத்தில் கத்தினாலும் நான் ஏறிப் போவேன், மச்சான். இந்தத் தடவை பஸ் போனால் போகட்டும்.

உனக்குப் பதிலாக உன் அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும்
உன் மச்சான்
பிரதீப்
தெமோதரை